காரைச் சுத்தம் செய்யும்போது காற்றடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக் கழுவும்போதும் உட்புறத்தைத் துப்புரவு செய்யும்போதும் கம்ப்ரசர் காற்றைப் பயன்படுத்துவது குறித்து, சொந்தக்காரர்களும் புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

காற்றடித்தால் தூசி போகிறதா, இல்லை இடம்தான் மாறுகிறதா?

இடம்தான் மாறுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானே கிடைத்துவிடும். காற்று எதையும் உறிஞ்சுவதில்லை, கரைப்பதுமில்லை. விரலும் தூரிகையும் நுழையாத இடுக்கில் கிடக்கும் மண்ணை அங்கிருந்து கிளப்பிவிடுவதோடு அதன் வேலை முடிகிறது. கிளம்பிய மண்ணைப் பிடிக்க வாக்குவம் கிளீனரோ, ஈரத்துணியோ, குறைந்தபட்சம் திறந்த கதவோ காத்திருக்க வேண்டும். ஆகவே, கம்ப்ரசர் குழாயின் முனையில் உள்ள காற்றுத் துப்பாக்கியின் (ஏர் கன்) விசையை அழுத்துவதற்கு முன், இந்தத் தூசி எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

டயருக்குக் காற்றடிக்க 12 வோல்ட் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. அந்தச் சிறிய பம்புக்கு அழுத்தம் உண்டு, காற்றின் அளவு இல்லை. 33 பி.எஸ்.ஐ வரை ஒரு டயரை நிரப்ப அதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. காற்றைச் சேமித்துவைக்கும் டேங்க் அதில் கிடையாது. சுத்தம் செய்வதற்கோ சில நொடிகளுக்குள் நிறையக் காற்று ஒரே வீச்சாக வெளியேற வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு பெரிய கம்ப்ரசர் வேண்டும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மில்லிமீட்டர் துளையுள்ள ஏர் கன் ஒன்று, 6 பார் அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 87 பி.எஸ்.ஐயில், நிமிடத்துக்குச் சுமார் 200 லிட்டர் காற்றைச் செலவிடும். 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது அதிலிருந்து கிடைப்பதும் 200 லிட்டர்தான். ஒரு குதிரைத்திறன் பிஸ்டன் கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் அளவிலேயே காற்றை மீண்டும் நிரப்புகிறது. எனவே விசையை அழுத்தியபடியே இருந்தால் இரண்டு நிமிடங்களில் வேகம் தளர்ந்துவிடும்.

வீட்டில் ஒரு காரை மட்டும் பராமரிப்பவருக்கு இது பெரிய குறையாகாது. சிறு சிறு வீச்சாக அடித்து, இடையில் துடைத்துக்கொண்டு போகலாம். தொழிலாகச் செய்பவர் வாங்கும்போது டேங்கின் அளவில் மயங்கிவிடாமல், நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை வெளியே தருகிறது என்ற எண்ணைக் கேட்க வேண்டும். விற்பனையாளர்கள் சி.எஃப்.எம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சி.எஃப்.எம் என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர். பிஸ்டன் அசைவை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எண்ணும், உண்மையில் வெளிவரும் காற்றின் எண்ணும் வேறு வேறு. இரண்டாவது எண்ணே உங்களுக்குத் தேவை.

எத்தனை பி.எஸ்.ஐ வைத்து அடிக்க வேண்டும்?

டேங்கில் உள்ள அழுத்தத்தை அப்படியே துப்பாக்கிக்கு அனுப்பக் கூடாது. இடையில் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இருந்தாக வேண்டும். இருக்கைத் தண்டவாளம், டிக்கியின் மூலைகள், சக்கரத்தின் போல்ட் குழிகள் போன்ற உறுதியான இடங்களுக்கு 50 முதல் 60 பி.எஸ்.ஐ போதுமானது. டேஷ்போர்டு, ஸ்விட்சுகள், ஏசி துவாரங்கள் ஆகியவற்றுக்கு 30 பி.எஸ்.ஐக்குள் வைத்து, அரை அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கர் வலை, தொடுதிரையின் ஓரம் இரண்டையும் மென்மையான தூரிகைக்கு விட்டுவிடுவதே சரி. ஸ்பீக்கரின் கூம்பு காற்றின் வேகத்தில் கிழிந்துபோகும்.

அழுத்தத்தைக் கூட்டுவதைவிடக் கோணத்தை மாற்றுவது பெரும்பாலும் அதிகப் பலன் தரும். நேராகக் குத்தினால் மண் இடுக்குக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். சாய்வாக, இடுக்கின் நீளவாக்கில் அடித்தால் மறுமுனை வழியாக வெளியே வரும்.

வெறும் காற்றுதானே, அதில் என்ன ஆபத்து?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்கிறேன். அழுத்தக் காற்று தோலில் உள்ள சிறு காயத்தின் வழியாக உடலுக்குள் நுழையக்கூடும். இரத்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழி போனால் உயிருக்கே ஆபத்து. காதருகே அடித்தால் செவிப்பறை கிழியலாம். வேலை முடிந்ததும் சட்டையிலும் தலையிலும் காற்றடித்துத் தூசி தட்டிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணமாக இருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும். விளையாட்டு என்ற பெயரில் உடனிருப்பவரின் உடலுக்குள் காற்றைச் செலுத்தி உயிரிழப்பில் முடிந்த செய்திகள் இந்தியாவில் ஒருமுறை அல்ல, பலமுறை வந்திருக்கின்றன. பட்டறையில் சிறு வயதுப் பையன்கள் வேலை பழகுகிறார்கள் என்றால், முதல் நாளே இதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டியது மூத்தவரின் கடமை.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, சுத்தம் செய்யப் பயன்படுத்தும் காற்று 30 பி.எஸ்.ஐக்குக் கீழே குறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், சிதறலைத் தடுக்கும் ஏற்பாடும் பாதுகாப்புக் கருவிகளும் இருந்தால்தான் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. கண்ணாடி, முகக்கவசம், காதடைப்பான் மூன்றும் அணியாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள். ஏர் கன்னின் ஒலி 85 டெசிபலை எளிதில் தாண்டும். செவியைப் பாதுகாக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படும் அளவு அது.

30 பி.எஸ்.ஐதான் எல்லை என்றால், நீங்களே 50, 60 என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. அந்த விதி சொல்வது, துப்பாக்கியின் முனை கையாலோ பொருளாலோ முழுவதும் அடைபட்ட நிலையில் அங்கே உருவாகும் அழுத்தத்தை. முனையின் பக்கவாட்டில் சிறு துளைகள் உள்ள பாதுகாப்பு முனைகள் கடைகளில் கிடைக்கின்றன. நுனி அடைபட்டாலும் காற்று பக்கத் துளைகள் வழியாக வெளியேறிவிடுவதால், குழாயில் அழுத்தம் அதிகம் இருந்தாலும் அடைபட்ட நுனியில் அது ஏறுவதில்லை. நான் சொன்ன எண்கள் ரெகுலேட்டரில் வைக்க வேண்டியவை, அதுவும் இத்தகைய முனையைப் பொருத்திய பிறகு. சாதாரண ஒற்றைத் துளை முனைதான் இருக்கிறது என்றால் 30ஐத் தாண்ட வேண்டாம்.

காற்றோடு தண்ணீரும் தெறிக்கிறது. கம்ப்ரசர் பழுதாகிவிட்டதா?

பழுதில்லை. நம் கடலோர ஊர்களின் காற்று அப்படிப்பட்டது. 30 டிகிரி வெப்பத்தில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். அதை 8 பாருக்கு அழுத்தி மீண்டும் அதே வெப்பநிலைக்கு ஆறவிட்டால், மூன்று கிராமுக்குச் சற்று அதிகமானதை மட்டுமே அது தாங்கும். எஞ்சிய 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி நீர், டேங்கின் அடியில் தேங்கும். மேலே போட்ட கணக்கின்படி ஐந்து நிமிடத் தொடர் வீச்சுக்கே இவ்வளவு நீர் சேர்கிறது.

டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகை வேலை நாள்தோறும் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடித்து மெலியும். மெலிந்த டேங்க் அழுத்தத்தில் வெடிக்கக்கூடியது. துப்பாக்கிக்கு முன்னால் ஒரு நீர் பிரிப்பானையும் பொருத்துங்கள். கம்ப்ரசரின் வாய்க்கு அருகிலேயே அதை வைத்தால் காற்று இன்னும் சூடாக இருப்பதால் ஆவி முழுவதும் நீராகப் பிரியாது. சில மீட்டர் குழாய் தாண்டி, காற்று ஆறிய இடத்தில் வைப்பதுதான் பயன் தரும்.

எண்ணெய் இல்லாத கம்ப்ரசர்தான் வாங்க வேண்டுமா?

உட்புறத்தைச் சுத்தம் செய்ய மட்டும் என்றால் கட்டாயமில்லை. ஆனால் மெழுகு, செராமிக் கோட்டிங் போன்றவற்றைப் பூசுவதற்கு முன் வண்ணப்பூச்சின் மேல் காற்றடிப்பவர்கள் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். எண்ணெயில் ஓடும் பிஸ்டன் கம்ப்ரசர், தேய்மானம் கூடக் கூட, மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளைக் காற்றோடு அனுப்பும். கோட்டிங் அந்த இடத்தில் சரியாகப் பற்றாது. பெயின்ட் அடிக்கும் பட்டறையில் இதே எண்ணெய் பூச்சின் மேல் சிறு குழிகளாகத் தெரியும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. துடைத்த முகக் கண்ணாடி ஒன்றின் மேல் ஒரு நிமிடம் காற்றடியுங்கள். நீர் உலர்ந்த பிறகும் மங்கல் படலம் விரலில் ஒட்டினால், அந்தக் காற்றை வண்ணப்பூச்சின் பக்கமே கொண்டு செல்லாதீர்கள்.

உள்ளே எந்த வரிசையில் செய்ய வேண்டும்? முதலில் வாக்குவமா, முதலில் காற்றா?

முதலில் மேலோட்டமாக வாக்குவம், பிறகு காற்று, மீண்டும் வாக்குவம், கடைசியில் ஈரத்துணி. தரையில் கிடக்கும் கடற்கரை மணலையும் செம்மண்ணையும் எடுக்காமல் காற்றடித்தால், அது கூரைத் துணி வரை பறந்து படியும். மிதியடிகளை வெளியே எடுத்துவிட்டு, நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்துவைத்து, மேலிருந்து கீழாகவும் நடுவிலிருந்து கதவை நோக்கியும் அடிக்க வேண்டும். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வாக்குவத்தின் முனை என்று இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே சிறந்த முறை. கிளம்பிய தூசி காற்றில் பரவுமுன் உறிஞ்சப்பட்டுவிடும்.

இருக்கைக்கு அடியில் செல்லும் மின்கம்பிகளில் மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்போ தென்பட்டால் அது ஏர்பேக்கைச் சேர்ந்தது. அங்கே காற்றடிக்கவும் வேண்டாம், இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். நாய், பூனை முடி துணி இருக்கையில் பின்னிக்கொண்டிருந்தால் காற்று அதை அசைக்கக்கூட முடியாது. அதற்கு ரப்பர் தூரிகைதான் மருந்து.

ஏசி துவாரத்துக்குள் காற்றடித்தால் கெட்ட வாடை போய்விடுமா?

போகாது. வாடை பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு உள்ளே குளிர்விக்கும் பாகத்தின் ஈரத்தில் வளரும் பூஞ்சையாலும், அழுக்கேறிய கேபின் ஃபில்டராலும் வருகிறது. முன்பக்கத்திலிருந்து காற்றடித்தால் துவாரத்தின் தூசி உள்ளே சென்று அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். துவாரத் தகடுகளைத் தூரிகையால் தட்டியபடியே வாக்குவத்தால் இழுங்கள். கேபின் ஃபில்டரைக் காற்றடித்துக் காப்பாற்ற நினைப்பதைவிடப் புதியதை மாற்றுவது நல்லது. அதன் இழைகளில் நுண்தூசியைப் பிடிக்கும் மின்னேற்றத்தைக் காற்றடித்து மீட்க முடியாது.

டொர்னடார் துப்பாக்கி என்று விற்கிறார்களே, அதற்குக் கொடுக்கும் விலை தகுமா?

தொழிலாகச் செய்பவருக்குத் தகும். அதன் மணி போன்ற வாய்க்குள் இருக்கும் சிறு குழாய் காற்றின் வேகத்தில் சுழன்று, சுழற்காற்றாக அடிக்கிறது. அடியில் உள்ள குடுவையிலிருந்து சுத்திகரிப்புத் திரவத்தையும் உறிஞ்சித் தூவுகிறது. துணி இருக்கை, கதவின் உட்புறத் துணி, சொரசொரப்பான பிளாஸ்டிக் ஆகியவற்றில் ஊறிய அழுக்கைக் கிளப்ப இதைப் போல வேறொன்று இல்லை என்பது என் கருத்து. ஆனால் இது காற்றை மிக அதிகமாகக் கேட்கும். மூன்றாவது கேள்வியில் சொன்ன ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசரோடு இணைத்தால் சுழற்சி விரைவில் தளர்ந்துவிடும். திரவத்தைச் சிக்கனமாக விடுங்கள். ஸ்விட்சுகளின் மேல் திரவமில்லாமல் வெறும் காற்றை மட்டும் அடியுங்கள்.

கழுவிய பிறகு துணியால் துடைத்தால் போதாதா? எதற்குக் காற்று?

துணி போதும் என்று தோன்றும். காரை வெயிலில் நகர்த்திய பத்து நிமிடத்தில் பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பெயர்ப் பலகை, டெயில் லைட் ஓரம், பெட்ரோல் மூடி ஆகிய இடங்களிலிருந்து நீர் கோடாக வழியத் தொடங்கும். நம் ஊரில் பலர் கழுவுவது ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில். அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள், நீர் ஆவியானதும் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். வெயிலில் காய்ந்த புள்ளியை எடுக்கச் சில நேரம் பாலிஷ் வரை போக வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் இந்த இடுக்குகளில் காற்றடித்து நீரை வெளியே கொண்டுவந்து, அதன்பின் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பானட், கூரை போன்ற அகலப் பரப்புகளுக்குக் கம்ப்ரசர் காற்று வீண். இலை ஊதும் பேட்டரி புளோயர் அங்கே அதைவிட நன்றாக வேலை செய்யும். அழுத்தம் குறைவு, காற்றின் அளவு அதிகம் என்பதால் நீர் விரிப்பாக நகரும். மெழுகோ கோட்டிங்கோ உள்ள காரில் பெரும்பகுதி நீர் தொடாமலேயே ஓடிவிடும்.

கழுவ நேரமில்லாத நாளில் வெளிப்புறத் தூசியைக் காற்றடித்தே போக்கலாமா?

தளர்வாகப் படிந்த தூசியில் ஓரளவு பறந்துவிடும். மிச்சமிருக்கும் மண் துணுக்குகளைப் பார்த்து, பரவாயில்லை என்று உலர்ந்த துணியால் துடைப்பதில்தான் கீறல் விழுகிறது. காற்றடித்ததோடு விட்டுவிடுங்கள் அல்லது முறையாகக் கழுவுங்கள். துப்பாக்கியின் உலோக நுனியில் ரப்பர் முனை இருக்கட்டும், குழாயைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். காற்றால் விழுவதைவிடக் குழாய் உரசி விழும் கோடுகளே அதிகம். உரியத் தொடங்கிய ஸ்டிக்கரின் விளிம்பிலும், கல் பட்டுச் சிதைந்த பெயின்ட் விளிம்பிலும் அடித்தால் அது மேலும் உரியும்.

எஞ்சின் ஏர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடலாமா?

உங்கள் காரின் கையேடு அனுமதித்தால், காகித ஃபில்டரை ஓரிரு முறை செய்யலாம். வெளியே எடுத்து, தூசி படியாத சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்தை நோக்கி, 30 பி.எஸ்.ஐக்குள், தள்ளி நின்று அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக அடித்தால் தூசி காகிதத்துக்குள் புதையும். முடித்ததும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓர் ஊசித்துளை தெரிந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். அந்தத் துளை வழியாகப் போகும் மண் சிலிண்டரைத் தேய்க்கும். ஃபில்டர் இருந்த பெட்டிக்குள் காற்றடிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதை அடுத்துள்ள காற்றளவு சென்சாரின் கம்பி மிக மெல்லியது. அதன் மேல் காற்றடிக்கவே வேண்டாம். அதற்கென்றே உள்ள ஸ்பிரே கடைகளில் கிடைக்கிறது.

பானட்டுக்குள் வேறு எங்கெல்லாம் அடிக்கலாம்?

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, இலைச் சருகு தேங்கும் வைப்பர் அடிப்பகுதியில் தாராளமாக அடிக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதன் குழியில் காற்றடிப்பது மிக அவசியம். அங்கே கிடக்கும் மண் பிளக்கை எடுத்ததும் சிலிண்டருக்குள் விழுந்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஏசி கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் கைபட்டாலே மடங்குபவை. குறைந்த அழுத்தத்தில், தகடுகளுக்கு நேர்க்கோட்டில், முடிந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுமாறு அடியுங்கள். அப்போது விசிறி வேகமாகச் சுழலாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும், சாவி அணைந்திருக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியையும் ஆல்டர்னேட்டரையும் விட்டுவிடுங்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் செல்லும் பகுதியை நீங்களாகத் தொடவே வேண்டாம்.

பிரேக்கில் கறுப்புத் தூசி நிறைய இருக்கிறது. ஊதிவிடலாமா?

கூடாது. பிரேக் தூசி நுரையீரலுக்குக் கேடு. பழைய கார்களின் பிரேக் பாகங்களில் புற்றுநோயை உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், கண்ணால் பார்த்து அதைக் கண்டறிய முடியாது. பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரமாகவே துடைத்தெடுங்கள்.

சன்ரூஃப் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது. வடிகுழாயில் காற்றடித்து அடைப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அடைப்பு நீங்கலாம். கூடவே குழாயும் கழன்றுவிடலாம். அந்த மெல்லிய குழாய்கள் கூரைக்கும் தூண்களுக்கும் உள்ளே வெறும் செருகலாகவே இணைக்கப்பட்டிருக்கும். அழுத்தக் காற்று செருகலைப் பிடுங்கிவிட்டால், அடுத்த மழையில் நீர் முழுவதும் கூரைத் துணிக்குள் இறங்கும், சரிசெய்யக் கூரையையே கழற்ற வேண்டியிருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையை மெதுவாக உள்ளே விட்டு அடைப்பைத் தளர்த்தி, சிறிது நீர் ஊற்றிச் சக்கரத்தருகே வடிகிறதா என்று பாருங்கள்.

பாலிஷ் போடும் பேடைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், காரிலிருந்து விலகி நின்று, நுரை பேடின் மேல் சாய்வாகக் காற்றடித்தால், உலர்ந்த பாலிஷும் சுரண்டப்பட்ட வண்ணத் துகளும் வெளியேறும். தூரிகையைவிட ஆழத்திலிருந்து வரும், பேடும் சற்றுக் குளிரும். முகக்கவசம் இல்லாமல் வேண்டாம்.

கீபோர்டுக்கு அடிக்கும் டப்பாக் காற்றை உள்ளே பயன்படுத்தலாமா?

அந்த டப்பாவில் இருப்பது பெரும்பாலும் காற்றே அல்ல, அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட வாயு. பல தயாரிப்புகளில் உள்ள டைஃப்ளூரோஈத்தேன் தீப்பற்றக்கூடியது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அடித்துவிட்டு ஸ்விட்சைத் தட்டுவது ஆபத்து. டப்பாவைக் கவிழ்த்தால் திரவமாகவே பீய்ச்சி, தோலையும் திரையையும் உறையவைக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் டப்பாவை விட்டுவைக்கவும் கூடாது. கையால் அழுத்தும் ரப்பர் ஊதியே இந்த வேலைக்குப் போதும்.

வெள்ளத்தில் காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கம்ப்ரசரால் காற்றடித்து உலர்த்திவிடலாமா?

சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் மூழ்கியதற்குப் பிறகு, மழைக்காலம்தோறும் இந்தக் கேள்வி வருகிறது. காற்றடித்தால் கார்பெட்டின் மேற்பரப்பு மட்டும் உலரும். அதன் அடியில் உள்ள தடித்த பஞ்சு நீரை வாரக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும், தரைத் தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும். இருக்கைகளையும் கார்பெட்டையும் கழற்றி வெளியே எடுத்து உலர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

மின் இணைப்புகளில் நேராகக் காற்றடிப்பது இன்னும் தவறு. அவற்றின் ரப்பர் வளையங்களைத் தாண்டி அழுக்கு நீர் உள்ளே தள்ளப்படும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் செய்யுங்கள். நீர் எஞ்சினுக்குள் போயிருக்கலாம் என்பதால் சாவியைத் திருப்பிப் பார்க்காமல், இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள். அங்கே ஒவ்வோர் இணைப்பையும் பிரித்து, அதற்குரிய கிளீனரால் கழுவிய பிறகு, குறைந்த அழுத்தத்தில், ஈரமும் எண்ணெயும் நீக்கப்பட்ட காற்றால் உலர்த்துவார்கள். கம்ப்ரசருக்கு வேலை வருவது அந்தக் கட்டத்தில்தான்.